மோரிஸ் காரின் ஆயில் சீல்

ஜூலை 3, 1996, புதன்

இந்த நோட்டு பெனினா மேடம் கொடுத்தது. இருநூறு பக்கம், கோடு போட்டது. அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க அவர் புதனும் சனியும் கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்கு பஸ்ஸில் வருகிறார். அப்பா தினமும் என்னென்ன சொற்கள் சொல்கிறார், எத்தனை தடவை சொல்கிறார் என்று நான் தேதி போட்டு எழுத வேண்டும். "கதை எழுதக் கூடாது பூங்கோதை. வார்த்தைய மட்டும் எழுது" என்றார். நான் நூலகத்தில் வாரம் நான்கு புத்தகம் எடுப்பவள் என்று அம்மா சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி மூளையில் இரத்தம் கட்டி அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. பிடித்துக்கொண்டு நடக்கிறார். நாங்கள் சொல்வது எல்லாம் புரிகிறது. பதில்தான் வருவதில்லை. வாய் திறந்தால் 'அது' என்ற ஒரே சொல் வருகிறது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், மின்விசிறியை நிறுத்தச் சொல்வதென்றாலும் அதுதான்.

முதல் ஆறு மாதத்தில் திரும்பி வரும் பேச்சுதான் அதிகம், அப்புறம் மிகவும் கஷ்டம் என்று மேடம் சமையலறையில் வைத்து அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். மூன்று மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

இன்று: அது (22).

ஜூலை 4, வியாழன்

அது (17).

ஜூலை 6, சனி

பயிற்சி சரியாக நடக்கவில்லை. மேடம் பசு, குடை, சாவி என்று படம் படமாகக் காட்டினார். அப்பா இரண்டு படம் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மில்லில் நாற்பது தறிகளுக்கு மாஸ்டராக இருந்தவருக்குப் பசு படம் காட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் மேடமையும் குறை சொல்ல முடியாது. அவர் பையில் அந்தப் படங்கள்தான் இருக்கின்றன.

எண்ணச் சொன்னால் மட்டும் கொஞ்சம் வருகிறது. மேடம் ஒண்ணு என்று தொடங்கி வைத்தால் அப்பா தானாகவே தொடர்கிறார். ஆனால் ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு என்றுதான் சொல்கிறார். மூன்று வாரமாக இதே தப்பு. மேடம் தாளில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார்.

என்னைப் பார்க்கும்போதுதான் அப்பா அதிகமாக முகத்தைத் திருப்புகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவிடம் சொன்னேன். "அட, நீ ஒண்ணு. ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கமா அடிக்குது கண்ணு" என்றாள். ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை.

அது (9). எண்கள் நான்கு, வரிசை தவறு.

ஜூலை 9, செவ்வாய்

பள்ளிக்கு நடந்துதான் போகிறேன். இருபத்தைந்து நிமிடம். முன்பு அப்பா காரில் கொண்டுபோய் விடுவார். எங்களிடம் இருப்பது 1954ஆம் வருடத்து மோரிஸ் மைனர், சாம்பல் நிறம். மில் முதலாளி வீட்டில் ஓடாமல் கிடந்ததை அப்பா வாங்கிவந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு பாகமாகச் சரிசெய்தார். இப்போது அது கொல்லைப்புறம் ஷெட்டில் இருக்கிறது. அம்மா ஷெட்டைப் பூட்டிச் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டாள். அப்பா விழுந்தது அங்கேதான்.

அது (14).

ஜூலை 14, ஞாயிறு

நூலகத்தில் கணக்கெடுப்பு என்று ஒரு வாரம் மூடிவிட்டார்கள். வீட்டில் படிக்காத புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மோரிஸின் கையேடு. ஆங்கிலம். அப்பா ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டுரை படிப்பதுபோல் முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

பதினோராம் பக்கத்தில் ஒரு அட்டவணை. நான்கு சிலிண்டர்களும் ஒன்றாக வெடிப்பதில்லையாம், ஒரு வரிசையில்தான் வெடிக்குமாம். அந்த வரிசை: 1, 3, 4, 2.

நான் கையேட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அந்தப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து விரலை வைத்துக் காட்டினேன். பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வாயின் இடது பாதி மட்டும் சிரித்தது. இடது கையால் கையேட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் வரை தரவில்லை.

அவர் தப்பாக எண்ணவே இல்லை.

ஜூலை 17, புதன்

மேடமிடம் சொன்னேன். அவர் பையைத் திறந்து பழைய தாள்களை எடுத்து, போட்ட பெருக்கல் குறிகளை எல்லாம் அடித்து அடித்துச் சரி போட்டார். இத்தனை நாளாகத் தான்தான் தப்பு மார்க் போட்டுக்கொண்டிருந்ததாக அப்பாவிடமே சொன்னார். அப்பா தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார்.

போகும்போது அம்மாவிடம், படங்களை மூட்டை கட்டி வைக்கலாம், இவருடைய சொற்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அம்மா எங்கே என்று கேட்கவில்லை. சாயங்காலம் முழுக்க ஒரே ரவிக்கையைத் தைத்துத் தைத்துப் பிரித்தாள். அம்மா தையல்காரி, ஒரு ரவிக்கைக்கு அவளுக்கு முக்கால் மணி நேரம்தான் ஆகும்.

அது (11), இல்ல (2). 'இல்ல' புதிய சொல்.

ஜூலை 21, ஞாயிறு

அம்மா ஷெட்டைத் திறந்தாள்.

எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். பெல்ட் ஆணியில் தொங்கியது. தரையில் விரித்த சாக்கில் ஸ்பேனர்கள் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக இருந்தன, ஒன்று மட்டும் தள்ளிக் கிடந்தது. போல்டுகள் எல்லாம் ஒரு டின்னில். அம்மா வாசலிலேயே நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பாவும் அசையவில்லை. எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது.

அப்போது அம்மா, "ஏனுங்க, என்ற முறுக்கு டின்ன மூணு மாசமாத் தேடிட்டிருக்கறேன். வேலைக்கு வந்தவளத் திருடின்னு சந்தேகப்பட்டனுங்க" என்றாள்.

அப்பா சிரித்தார். சத்தமாக. ஏப்ரலுக்குப் பிறகு அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டதே இல்லை.

சாப்பிடும்போது அம்மா முடிவாகச் சொன்னாள், அவர் பாதியில் விட்ட வேலையை நாங்கள் முடிக்கப் போகிறோம். மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்றேன். "மெக்கானிக் வந்தா இவரு ஓரமா உக்காந்து பாத்துட்டிருப்பாரு. நாம ரெண்டு பேரும் பண்ணுனாத்தான் திட்டறதுக்காச்சும் வாயத் தொறப்பாரு" என்றாள். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

ஜூலை 22, திங்கள்

என்ன வேலை என்று கையேட்டைப் படித்து எழுதிக்கொண்டேன். என்ஜினின் முன்முகத்தில் ஒரு தகர மூடி இருக்கிறது. அதன் அடியில் ஒரு ஓட்டை. புல்லி என்கிற சக்கரத்தின் கழுத்து அந்த ஓட்டை வழியாக உள்ளே போய் என்ஜின் தண்டில் மாட்டிக்கொள்கிறது. கழுத்து சுற்றும்போது ஓட்டை வழியாக எண்ணெய் வெளியே வராமல் பிடித்துக்கொள்வது ஒரு ரப்பர் வளையம். அதுதான் ஆயில் சீல். எங்களுடையது தேய்ந்துவிட்டது. கார் எங்கே நின்றாலும் அதன் கீழே எண்ணெய் சொட்டும்.

புது சீலுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். படத்தைக் காட்டியதும் அம்மா எழுந்து போய் பீரோவிலிருந்து ஆஸ்பத்திரி கவரைக் கொண்டுவந்தாள். அப்பாவைச் சேர்த்த அன்று அவர் சட்டைப் பையிலிருந்ததை எல்லாம் அதில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கைக்கடிகாரம், மில் அடையாள அட்டை, ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அது குக்கருடையது, தான்தான் வாங்கிவரச் சொல்லியிருக்க வேண்டும் என்று அம்மா நினைத்திருக்கிறாள். இரண்டு தடவை குக்கரில் போட்டும் பார்த்தாளாம்.

அது (19), இல்ல (6).

ஜூலை 27, சனி

புல்லியைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைக் கழற்றுவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை என்று கையேடு சொல்கிறது. அம்மா புடவையைச் செருகிக்கொண்டு பெரிய ஸ்பேனரை மாட்டி முழு பலத்தோடு இழுத்தாள். நட்டு பம்பரம் மாதிரிச் சுழன்றது, அம்மா பின்னால் சாக்கில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா அன்றைக்கே அதைத் தளர்த்தி வைத்துவிட்டிருக்கிறார். அவர் அதுவரை வந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் விழுந்திருக்கிறார்.

மூடியைக் கழற்றினோம். பழைய சீலைத் தட்டி எடுத்தோம். அது கல் மாதிரி இறுகிக் கிடந்தது. நான் புது சீலைத் தலைகீழாக வைக்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு குரல், "எரும."

நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். அப்பாவுக்கே ஆச்சரியம். இன்னொரு தடவை, நிதானமாக, "எரும" என்றார்.

குழிவான பக்கம் உள்ளே இருக்க வேண்டும். நான் திருப்பி வைத்தேன். மேடம் வந்ததும் வாசலுக்கே ஓடிப்போய் அம்மா சொன்னாள், "மேடம், எங்கூட்டுக்காரரு இவள எருமைன்னு சொல்லிட்டாருங்க." மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எரும (2).

ஜூலை 28, ஞாயிறு

மூடியைத் திரும்ப மாட்டினோம். மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டை அம்மா தடித்த காகிதத்தில் வெட்டினாள். ரவிக்கைக்கு அளவு குறிப்பதுபோல் மூடியின் விளிம்பில் சுண்ணாம்புக்கட்டி தேய்த்துப் பதித்து, கத்திரிக்கோலால் ஒரே வெட்டு. நான் கையேட்டை உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன், அம்மா போல்டுகளை முடுக்கினாள். நன்றாகப் படித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா இன்று ஒரே தொல்லை. மூடியை முடுக்கத் தொடங்கியதும் அது அது அது என்று விடாமல் சொன்னார். நாற்காலியின் கையைத் தட்டினார். அம்மா பாத்ரூமுக்குப் போக வேண்டும்போல என்று கூட்டிக்கொண்டு போனாள். வந்த பிறகும் அப்படியே. தண்ணீர் கொடுத்தோம், தட்டிவிட்டார். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் புல்லியை மாட்டி நட்டை இறுக்கி முடித்தோம்.

அது (எண்ண முடியவில்லை).

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ரேடியேட்டரை மாட்டித் தண்ணீர் ஊற்றினோம். பேட்டரியைக் கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றி வாங்கிவந்தோம். என்ஜின் கீழே செய்தித்தாள் விரித்தேன். என்ஜினைக் கிளப்பும் குமிழை அம்மா மூன்றாவது தடவை இழுத்ததும் அது உயிர் பிடித்தது. ஷெட் முழுக்கப் புகை.

ஐந்தாவது நிமிடம் செய்தித்தாளில் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. பத்து நிமிடத்தில் தோசை அளவுக்கு எண்ணெய். முன்பைவிட மோசம்.

அப்பா பார்த்தார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தானே நடந்து அறைக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

0.

ஆகஸ்ட் 7, புதன்

மேடம் வந்தார். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. 'அது' கூட வரவில்லை. மேடம் தேநீர் குடிக்காமல் போய்விட்டார். அம்மா ஷெட் சாவியை மறுபடி அரிசி டின்னுக்குள் போட்டாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மேடம், இந்தப் பக்கத்தை நீங்கள் படிக்க வேண்டாம்.

இன்று சாயங்காலம் கையேட்டில் அந்தப் பகுதியை மறுபடியும் படித்தேன். பக்கத்தின் அடியில் இரண்டு வரி. மூடியின் போல்டுகளை முடுக்காமல் தொளதொளவென்று விட வேண்டும். முதலில் புல்லியை உள்ளே செலுத்த வேண்டும். புல்லியின் கழுத்து நுழையும்போது சீல் தானாக நடுவுக்கு நகரும், அதற்குப் பிறகே போல்டுகளை முடுக்க வேண்டும். முன்னாலேயே முடுக்கினால் சீல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், கசியும்.

அந்த இரண்டு வரியும் என் கண்ணில் பட்டிருந்தன. அகராதியில் பார்க்க வேண்டிய சொல் ஒன்று அதில் இருந்தது. அம்மா எதிரில் எனக்கு ஒரு சொல் தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள விருப்பமில்லாமல் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டேன். அப்பா அன்று அத்தனை தடவை சொன்ன 'அது' இதுதான். நாங்கள் அவரைப் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியையும் படித்தேன். நான்தான் தாண்டிப் போனேன் என்றும் சொன்னேன். அப்பா கண்ணைத் திறந்தார். இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அதான்" என்றார்.

'அது' இல்லை, 'அதான்'. அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அவசரமாக ஒன்றைச் செய்துவிட்டு வருந்துவது எனக்கு இது முதல் தடவை இல்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை எனக்குப் பூகோளப் பரீட்சை. அதற்கு முந்தின நாள் பள்ளி வாசலில் மோரிஸ் நின்ற இடத்தில் எண்ணெய் தேங்கியிருந்ததைப் பார்த்து வகுப்பில் எல்லாரும், "உங்க கார் ஒண்ணுக்கு இருந்துட்டுப் போயிருச்சுடி" என்று சிரித்தார்கள். நான் காலையில் அப்பாவிடம், இனிமேல் காரைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம், என் மானம் போகிறது என்றேன். அப்பா சிரித்தபடி ஏதோ சொல்ல வந்தார். அவரைப் பேச விடவில்லை. "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடந்தே போனேன்.

அவர் அன்றைக்கு மில்லுக்கு லீவு போட்டு சீல் வாங்கிவந்து வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

அவர் பேசாமல் இருக்கிறார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். இந்தத் தடவை அப்பாவின் நாற்காலியை என்ஜினுக்குப் பக்கத்திலேயே போட்டோம். மூடியைத் தொளதொளவென்று மாட்டினோம். புல்லியில் கொஞ்சம் எண்ணெய் தடவி மெதுவாக உள்ளே தள்ளினேன். மூடி ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்ந்தது. என் விரலுக்கே தெரிந்தது. அப்பா "ம்ம்" என்றார்.

போல்டுகளை அம்மா வரிசையாக முடுக்கப் போனாள். "இல்ல" என்று அப்பா ஸ்பேனரைக் கேட்டு வாங்கினார். மேலே ஒன்று, அதற்கு நேர் கீழே ஒன்று, வலது, இடது என்று கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். இடது கைப் பழக்கம் இல்லாததால் இரண்டு தடவை ஸ்பேனர் வழுக்கிக் கீழே விழுந்தது. நாங்கள் எடுத்துக் கொடுத்தோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அம்மா நடுவில் அவர் முதுகு வியர்வையைத் துடைத்தாள். "இந்த மாதிரி ஒரு நாளாச்சும் எனக்குக் காய் நறுக்கிக் குடுத்திருக்கறீங்களா" என்றாள். அப்பா கவனிக்காததுபோல் இருந்தார். காது சிவந்துவிட்டது.

அதான் (3), இல்ல (8), எரும (1, அம்மாவுக்கு).

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து ஒன்பதரைக்கே விட்டுவிட்டார்கள். வந்ததும் புதுச் செய்தித்தாள் விரித்தேன். இன்றைக்கு அப்பா தானே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும் என்று கையைக் காட்டினார். அம்மா அவர் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தாள். குமிழ் நடுவில் இருப்பதால் இடது கைக்கு எட்டியது. இழுத்தார், இரண்டாவது தடவையே பிடித்துக்கொண்டது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நான் குப்புறப் படுத்துப் பார்த்தேன். தாள் காய்ந்திருந்தது. கால் மணி நேரம் ஆயிற்று, ஒரு சொட்டு இல்லை. அம்மா தாளை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டாள்.

நான் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருந்ததால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் சிரித்தது, மானம் போகிறது என்று நான் சொன்னது, அவர் பேச வந்தபோது பேச வேண்டாம் என்றது. "நான் சொன்னதுனாலதான் நீங்க விழுந்துட்டீங்கப்பா. நான் சொன்னதுனாலதான் பேசறதில்லைங்களா?" என்று கேட்டேன்.

அப்பா என்ஜினை நிறுத்தினார். ஷெட் சட்டென்று அமைதியாகிவிட்டது. அவர் வாய் வேலை செய்யத் தொடங்கியது. உதடு குவிந்தது, பிரிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். கோபமாக எது சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"பசிக்குது" என்றார்.

முழுச் சொல். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். பிறகு திரும்பி இடது கையை என்னிடம் நீட்டினார்.

"வா."

கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அடுப்படி வாசலில் நின்று அப்பா அந்தச் சொல்லை அம்மாவிடம் இன்னொரு தடவை சொன்னார். அம்மா அப்போதுதான் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். "உலையே வெக்கலீங்களே" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஈரக் கையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

பதினொரு மணிக்கே மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். பழைய சோறு, தயிர், நார்த்தங்காய் ஊறுகாய். அப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊறுகாய்க் கிண்ணம் அவர் பக்கம் இருந்தது. நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, இடது கையின் ஒற்றை விரலால் அதை என் தட்டு வரைக்கும் தள்ளி வைத்தார்.